உள்பக்கம் எழும்பிய குமிழ்கள்

குரோஷா பின்னலில் ஒரு வசதி உண்டு. தப்பாகிவிட்டால் ஊசியைக் கழற்றி நூலை இழுத்தால் போதும். வரிசை வரிசையாகக் கழன்று, நூல் மறுபடி நூலாகவே கைக்கு வந்துவிடும். வெட்டின துணிக்கு அந்த வசதி கிடையாது, வெந்த சோற்றுக்கும் கிடையாது. அதனால் குரோஷா பழகுகிறவர்கள் பாதி நேரம் பின்னுவார்கள், பாதி நேரம் பிரிப்பார்கள். திண்டுக்கல்லில் எனக்குக் குரோஷா சொல்லித்தந்த டீச்சர், நான் பார்த்த வரையில், ஒரு கண்ணியைக்கூடப் பிரித்ததில்லை.

தப்பே வராத கை என்று நினைக்க வேண்டாம். வகுப்பில் எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் அதிகம் வரும். வந்த தப்புக்கு உடனே ஒரு பெயர் வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். சதுரமாக வரவேண்டிய மேசை விரிப்பு ஒரு பக்கம் மட்டும் அகன்றுகொண்டே போனது. அது விசிறி மாடல் ஆனது. குழந்தைத் தொப்பி ஒன்று எந்தக் குழந்தைக்கும் ஆகாத அளவில் முடிந்தது. அதை எடுத்துப்போய் மிக்சி ஜாரின் மூடிமேல் கவிழ்த்து, "மிக்சி தொப்பி. தூசி அடையாது" என்றார். அந்த மாதம் எங்கள் தெருவில் பல வீட்டு மிக்சிகள் தொப்பி போட்டுக்கொண்டன.

நான் அவர் வீட்டு மாடியில் சில வருடம் குடியிருந்தேன். பத்திரிகை அலுவலகத்தில் எனக்கு மாலை நேர வேலை. பகலில் ஒரு பெண் சும்மா இருப்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. "பேப்பர்க்காரம்மா, ரெண்டு கையும் நல்லாத்தான இருக்கு? கீழ எறங்கி வா" என்று படிக்கட்டின் அடியிலிருந்து கூப்பிட்டார். இறங்கிப் போனேன்.

டீச்சர் என்கிறேனே தவிர, அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவர் அல்ல. எனக்கு முன்பு மாடியில் குடியிருந்தவர்தான் டீச்சர். அவர் காலி செய்துபோன சமயத்தில் புதிதாக வந்த தபால்காரர் வாசலில் நின்று, "டீச்சர் வீடுதானே?" என்று கேட்டிருக்கிறார். கேள்வி முழுதாகக் காதில் விழுவதற்கு முன்பே இவர், "ஆமா, நான்தான்" என்று சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் மறுநொடியே சிரித்து, இல்லையப்பா என்றிருப்பார்கள். இவர் கடிதத்தை உரியவருக்கு ஒழுங்காக அனுப்பிவைத்தார், பட்டத்தை வைத்துக்கொண்டார். தபால்காரரிடமிருந்து அது பால்காரருக்குப் போனது, பிறகு சிலிண்டர் போடுகிறவருக்கு, பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற பங்குக் கோயிலுக்கு. என்ன பாடம் எடுக்கிறீர்கள் என்று யாரோ கேட்டபோது "கைவேலை" என்று பதில் வந்தது. கைவேலை டீச்சர் வெறுங்கையோடு இருக்க முடியுமா? அதற்குப் பிறகுதான் குரோஷா ஊசி வாங்கினார்.

இதை எனக்குச் சொன்னது அவர் கணவர். பூட்டுக் கடை வைத்திருந்தவர். வீட்டில் அதிகம் பேசாதவர். "கட்டிக்கிட்டு வரும்போது டீச்சர் கெடையாதும்மா," என்றார், உள்ளே ஒரு பார்வை பார்த்துக்கொண்டு. "இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

ஆட்டுக் கதையைத் தெருவே சொல்லும். சாணார்பட்டியில் தூரத்து உறவில் ஒரு சாவு. டீச்சர் மங்கின சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, பெரிய மாலையாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனார். பேச்சுவாக்கில் வேறு வண்டியில் ஏறிவிட்டார். அது அய்யலூர் வண்டி. ஊரைத் தாண்டியதும் பக்கத்தில் இருந்தவர், "எங்க போறீங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். "அய்யலூருக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு இறங்க முடியுமா? அன்று அங்கே ஆட்டுச் சந்தை. மத்தியானம் சரக்கு ஏற்றுகிற குட்டியானை வண்டி ஒன்று எங்கள் வாசலில் வந்து நின்றது. டிரைவருக்குப் பக்கத்தில் டீச்சர். பின்னால் ஒரு கறுப்பு வெள்ளாடு. மாலையை வழியிலேயே அது தின்று முடித்திருந்தது.

"சாவு வீட்டுக்குப் போகலையா டீச்சர்?" என்று கேட்டேன்.

"ஆடு வாங்கப் போறவ எதுக்கும்மா சாவு வீட்டுக்குப் போவா?" என்றார்.

ஆட்டின் கயிற்றைக் கணவர் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதை எங்கே கட்டுவது என்று சுற்றிப் பார்த்தார். சாணார்பட்டி உறவுக்காரர்கள் இன்றுவரை அந்த வீட்டோடு பேசுவதில்லை. "அவங்க குணம் அப்படி" என்பார் டீச்சர்.

வகுப்பு முன்னறையில் மத்தியானம் நடக்கும். நாலைந்து பேர் வருவோம். அதில் பாத்திமா முக்கியம். அவள் வீட்டுக்காரருடைய குடும்பம் பிரியாணிக் கடை வைத்திருந்தது. மதியக் கூட்டம் ஓய்ந்ததும் கை கழுவிக்கொண்டு நேராக இங்கே வருவாள். அவள் வந்ததும் அறைக்குள் பட்டையும் கிராம்பும் மணக்கும். அவளுக்குப் பின்னலில் அவ்வளவு அக்கறை கிடையாது. டீச்சரைப் பார்க்க வந்தாள் என்பது என் எண்ணம்; சிலர் டிவி பார்க்கப் போவார்கள் அல்லவா, அது மாதிரி.

பாப்கார்ன் ஸ்டிச்சை வகுப்புக்குக் கொண்டுவந்தது அவள்தான். போனில் ஒரு குழந்தைச் சட்டையின் படத்தைக் காட்டி, "டீச்சரக்கா, மேல முண்டு முண்டா இருக்கே, இதை எப்படிப் போடுறது?" என்று கேட்டாள்.

டீச்சர் அதை அதற்கு முன்பு பார்த்ததில்லை என்பது அவர் பார்த்த விதத்திலிருந்தே தெரிந்தது. படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார். "இதா? சின்னப் பிள்ளைக போடுறது. நாளைக்குச் சொல்லித் தாரேன்."

மறுநாள் காலையில் நான் படியிறங்கியபோது, போனை முறுக்கு டின்னில் சாய்த்துவைத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து, ஏதோ வெளிநாட்டுப் பெண் பின்னுகிற வீடியோவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "சரியாச் சொல்றாளான்னு பாக்குறேன்" என்றார்.

அந்தப் பின்னல் கடினமானது அல்ல. ஒரே கண்ணிக்குள் ஐந்து பின்னலை நெருக்கிப் போட வேண்டும். பிறகு ஊசியை அதன் கண்ணியிலிருந்து கழற்றி, ஐந்தில் முதல் பின்னலின் தலைக்குள் முன்பக்கமிருந்து நுழைத்து, கழற்றிவிட்ட கண்ணியைக் கவ்வி இழுக்க வேண்டும். ஐந்தும் ஒன்றாகக் கூடி, பொரிந்த சோளம் மாதிரி ஒரு குமிழ் முன்பக்கம் எழும்பும். ஊசியைப் பின்பக்கமிருந்து நுழைத்தால் அதே குமிழ் பின்பக்கம் எழும்பும். வித்தியாசம் அவ்வளவுதான்.

டீச்சர் பின்பக்கமிருந்து நுழைத்தார்.

"டீச்சர், வீடியோவுல அந்தப் பொண்ணு ஊசிய முன்னாடியிருந்துதான விட்டுச்சு?" என்று கேட்டேன்.

"அவ நமக்கு எதிர உக்காந்திருக்கா. அவளுக்கு முன்னாடின்னா நமக்குப் பின்னாடி. கண்ணாடி பாத்துப் பொட்டு வச்சதில்லையா நீ?"

அந்தக் கணக்கில் எங்கோ ஓட்டை இருந்தது. அவர் சொன்ன வேகத்தில் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லோரும் பின்பக்கமிருந்தே நுழைத்தோம். கொஞ்ச நேரத்தில் எல்லோர் மடியிலும் ஒரே மாதிரி துண்டுகள். எங்களைப் பார்த்த பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகள். பாத்திமா தன்னுடையதைத் திருப்பினாள். அந்தப் பக்கம் குமிழ்கள் வரிசையாக, அழகாக உட்கார்ந்திருந்தன.

"டீச்சரக்கா, முண்டு பூராவும் அங்கிட்டுப் போயிருச்சே. பிரிச்சிருவமா?"

"பிரிக்காதத்தா. அது உள்குமிழ். வெளிக்குமிழ் யாரு வேணா போடுவா."

"எங்க கடையில பீஸ சோத்துக்குள்ள பொதைச்சு வச்சாலே, பீஸ் இல்லன்னு சண்டைக்கு வாரான். இது அந்தக் கதையால்ல இருக்கு?"

"தோண்டித் தின்னத் தெரியாதவனுக்கு எதுக்குப் பிரியாணி?" என்றார் டீச்சர்.

ஓரமாக உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா மட்டும் தன் துண்டிலிருந்து ஊசியைக் கழற்றி, நூலை இழுத்து, மொத்தத்தையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். டீச்சரின் ஒரே மகள். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. விடுமுறை நாளில் மட்டும் எங்களோடு உட்காருவாள். "பிரிச்சுப் பிரிச்சே நூல நைய வச்சிரு" என்று அம்மா திட்டினார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வகுப்பிலேயே வெளிப்பக்கம் குமிழ் வந்த துண்டு அவளுடையது ஒன்றுதான். அதை யாரும் பாராட்டவில்லை.

அந்த வருடத் திருவிழாவுக்கு, தேரில் வைக்கிற மாதா சுரூபத்துக்குப் போர்வை பின்னித் தருவதாக டீச்சர் பங்குச் சாமியாரிடம் சொல்லியிருந்தார். வெள்ளை நூலில், முழுக்க முழுக்கப் பாப்கார்ன் ஸ்டிச். ஜரிகைக் கரையையும் கட்டுகிற கயிற்றையும் குழி தெரிகிற பக்கமே வைத்துத் தைத்துவிட்டதால், திருப்பிப் போர்த்தவும் வழியில்லை. தேருக்கு முந்தின நாள் போர்வையை வாங்கிப் பார்த்த சாமியார் இளைஞர், பதமாகப் பேசுகிறவர். ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, பூ வேலையெல்லாம் உள்பக்கம் இருக்கே?" என்றார்.

"மாதா பாக்கத்தான சாமி போடுறோம்? வேடிக்கை பாக்குறவங்களுக்கா?"

சாமியார் போர்வையை ஒழுங்காக மடித்தார். பக்கத்தில் நின்ற, கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை சட்டென்று மெழுகுவர்த்தியைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டார்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் திருவிழாப் பிரசங்கத்தில் சாமியார் அந்தப் போர்வையை எடுத்துக்கொண்டார். மனிதர் பார்க்கும் பக்கம் வெறுமையாகவும், இறைவன் பார்க்கும் பக்கம் அழகாகவும் இருக்கிற வாழ்க்கையைப் பற்றி உருக்கமாகப் பேசினார். தாழ்ச்சிக்கு உதாரணமாகத் தன் பின்னல் காட்டப்படுவதை டீச்சர் தலை நிமிர்ந்து, கோயிலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துக்கொண்டே கேட்டார். அடுத்த வாரம் வகுப்பில் உட்கார இடமில்லை. உள்குமிழ் கற்றுக்கொள்ள மேட்டுப்பட்டியிலிருந்துகூடப் பெண்கள் வந்தார்கள்.

ஸ்டெல்லாவுக்கு மாப்பிள்ளை கிடைத்ததும் அந்தத் திருவிழாக் கூட்டத்தில்தான். ஆயக்குடிக் குடும்பம். கொய்யாத் தோப்பு, ஒட்டன்சத்திரத்தில் உரக் கடை. பையனை முதலில் பார்த்தது, பேசியது, தேர்ந்தெடுத்தது எல்லாம் டீச்சர். நிச்சயத்துக்கு அவர்கள் கூடை கூடையாகக் கொய்யாப் பழம் கொண்டுவந்தார்கள். தெருவில் ஒரு வீடு விடாமல் பழத்தையும் பையனின் பெருமையையும் டீச்சரே கொண்டுபோய்க் கொடுத்தார். "அக்கறையான பையன். எம்புள்ள சாப்பிட்டாளான்னு ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேக்குறான் தெரியுமா?"

ஸ்டெல்லாவுக்குத் தெரியும். வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் வரும். மத்தியானம் வரும். பேருந்தில் வரும். பிறகு போன் போதவில்லை. இருக்கிற இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். அதுவும் போதாமல் வீடியோவில் வரச் சொன்னான். ஒருநாள் அவள் வயதானவர் ஒருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். விடாமல் அடித்ததால் கூட வேலை செய்கிற பெண் போனை எடுத்துக் காட்டியிருக்கிறாள். கையில் ஊசியோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர், யாரோ பெரிய டாக்டர் என்று நினைத்து, மற்ற கையைத் தூக்கி மாப்பிள்ளைக்கு வணக்கம் வைத்தார். மாப்பிள்ளை கேட்டது ஒன்றுதான்: "அந்தாளு கைய எதுக்கு நீ புடிச்சிருக்க?"

அவர்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்கிற அறிவிப்பு. இந்தப் பெரியவர் விஷயம் நடந்தபோது முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. ஸ்டெல்லா அழுதுகொண்டு வந்து அம்மாவிடம் சொன்னாள். மாடியில் இருந்த எனக்கே கேட்டது.

"அம்மா, எனக்கு இது வேணாம். இப்பவே இப்படி இருக்கான்."

"அக்கறைடி."

"இது அக்கறை இல்லம்மா. சந்தேகம்."

"நான் பாத்த பையன். எனக்குத் தெரியாதா? போய் மூஞ்சியக் கழுவு."

இரண்டாவது ஓலையும் வாசித்தார்கள். அன்று சாயந்திரம் ஸ்டெல்லா மாடிக்கு வந்து படியில் உட்கார்ந்தாள். போன் மடியில் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

"இன்னும் ஒரு ஓலைதான் அக்கா இருக்கு. நானே சாமியாரிட்ட போயிச் சொல்லலாம். ஆனா அம்மா பின்னாடியே வந்து, கல்யாணப் பயம் சாமி, எனக்கும் இப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிரும். சாமியார் அம்மா சொல்றத நம்பி ஒரு பிரசங்கமும் வச்சிருவார்."

அவள் அப்பாவிடம் போனேன். கடையில் ஒரு பூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் வேணாம்னு சொன்னா, மூணாவது ஓலைக்கு முன்னாடியே தாலியக் கட்ட வச்சிருவாம்மா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. டீச்சரிடமும் நான் பேசிப் பார்த்தேன். அவசரப்பட்டுவிட்டோமோ என்று தோன்றவில்லையா என்று, எனக்குத் தெரிந்த மிக மென்மையான வாக்கியத்தில் கேட்டேன். "பேப்பர்ல இருக்கவங்களுக்கு எதைப் பாத்தாலும் தப்பாத்தான் தெரியும்" என்றார். பேச்சு முடிந்தது.

பாத்திமாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் என்னைத்தான் திட்டினாள். "போயி தப்புன்னா சொன்ன? அந்தம்மாகிட்டயா? இம்புட்டு நாளாப் பின்னுறியே, என்னத்தப் பாத்த நீ?"

மறுநாள் வகுப்பில் அவள் டீச்சருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். வழக்கத்துக்கு மாறாக ஒழுங்காகப் பின்னினாள். சிறிது நேரம் கழித்து, தலையைத் தூக்காமல், "டீச்சரக்கா, நீங்க பெரிய ஆளுதான்" என்றாள்.

"என்னத்தா?"

"நிச்சயமும் பண்ணி, ரெண்டு ஓலையும் வாசிக்க விட்டு, மாப்பிள்ளை எப்படி நடந்துக்கிறாருன்னு பாத்துக்கிட்டு இருக்கீங்களாம்ல. கடைக்கு வாரவங்க பேசிக்கிட்டாங்க. மூணாவது ஓலைக்கு முன்னாடி டீச்சர் ஒரு முடிவு சொல்லும், அது வரைக்கும் வெளியில காட்டிக்காதுன்னு."

கடைக்கு வந்தவர்கள் யாரும் அப்படிப் பேசவில்லை. அறையில் ஊசிகள் நின்றுவிட்டன. டீச்சர் தன் மடியில் இருந்த பின்னலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பாத்திமாவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு எண்ணம் உள்ளே வந்து, சுற்றிப் பார்த்து, இடம் வசதியாக இருப்பதாக முடிவு செய்து உட்கார்ந்ததை நான் கண்ணால் கண்டேன்.

"யாரு சொன்னா?" என்றார் கடைசியில். "நான் ஒருத்தருட்டயும் சொல்லலையே."

"அதான் அக்கா, எப்படித்தான் வெளிய வந்துச்சோ."

"இந்த ஊர்ல ஒரு விஷயத்த மறைக்க முடியாது" என்று சலித்துக்கொண்டார் டீச்சர். பின்னலை எடுத்து வைத்துவிட்டு, உள்ளே போய் ஆயக்குடிக்குப் போன் போட்டார்.

பையனின் அம்மா வியாழக்கிழமை வந்தார். வெயிலில் பேருந்தில் வந்து இறங்கிய களைப்பு. அப்போதும் கையில் ஒரு பை கொய்யாப் பழம். நான் வெளியே போய்க்கொண்டிருந்தேன். "பேப்பர்க்காரம்மா, நீயும் இரு" என்று டீச்சர் என்னைச் சாட்சியாக உட்காரவைத்தார். ஸ்டெல்லா கதவோரம் நின்றாள்.

"ஏனுங்க, எம்பையன்கிட்ட என்னங்க குத்தம் கண்டீங்க?" என்றார் அந்த அம்மாள்.

"குத்தம்னு சொல்லலைங்க. தேறலன்னு சொல்றேன்."

"தேறலைன்னா? அவன் என்ன படிக்கிற பையனுங்களா?"

"வேலைக்குப் போற புள்ள. மாப்பிள்ளை எப்படி வச்சுக்குவாருன்னு தெரிய வேணாமா? அதான் நிச்சயத்தப் பண்ணிட்டுப் பாத்தோம். நாள் பூரா போனு. ரத்தம் குடுக்க வந்த பெரியவரு யாருன்னு விசாரணை. போதும்ங்க, தெரிஞ்சுக்கிட்டோம்."

"இதை நிச்சயத்தன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்க. ஊரெல்லாம் சொல்லிட்டமே."

"சொல்லிட்டா அது எப்படிங்க பரீட்சை?"

அந்த அம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். மகன் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறான் என்பது அவருக்கு அதுவரை தெரியாது என்பது பார்த்தாலே தெரிந்தது. "அவனுக்கு நான் சொல்லித் திருத்தறனுங்க" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார். டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். வாசல்வரை அவர் கூடப் போனது ஸ்டெல்லா. வாசலில் அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்து, "நீ நல்லா இரு கண்ணு" என்றார். முன்னறையில் டீச்சர் ஒரு கொய்யாப் பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "பழம் நல்ல பழம்தான். அதுல நான் குறை சொல்லல" என்றார்.

அன்றே கோயிலுக்கும் போனார். சாமியாரிடம் தடை என்று எதைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. சொன்ன விதம் மட்டும் தெரியும். வெளியே வரும்போது சாமியார் குழப்பமாகவும் டீச்சர் திருப்தியாகவும் இருந்தார்கள் என்று கோயில்பிள்ளை சொன்னார்.

மூன்றாவது ஞாயிறு எனக்கு வார விடுமுறை. நானும் அவர்களோடு போனேன். பூசை முடிகிற நேரத்தில் சாமியார் ஓலை வாசித்தார். வேறு இரண்டு கல்யாணங்கள். அதற்குப் பிறகு தாளை மடித்துவைத்துவிட்டார். எங்கள் வரிசைப் பக்கம் தலைகள் திரும்பின. ஸ்டெல்லா குனிந்து செருப்பைப் பார்த்தாள். டீச்சர், வாசிக்காமல் விட்ட அந்த இடத்தைத் தானே எழுதிக்கொடுத்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

வெளியே பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி, "பாவம், புள்ளைக்கு இப்படி ஆயிருச்சே" என்றாள்.

"புள்ளைக்கு என்ன பாவம்? தோத்தது அவ இல்லையே" என்றார் டீச்சர். அதன் பிறகு, பெண் வைத்திருக்கிற எல்லோரும் நிச்சயத்தைக் கொஞ்சம் முன்னதாகவே வைத்துக்கொள்வது நல்லது, மாப்பிள்ளையைப் பார்க்க அவகாசம் கிடைக்கும் என்று விளக்கினார். இரண்டு பேர் தலையாட்டிக் கேட்டார்கள். அதில் ஒருத்தி தன் மகளுக்கு இப்போதுதான் பேச்சு நடக்கிறது என்றும், ஒரு நாள் வீட்டுக்கு வருவதாகவும் சொன்னாள்.

வீட்டுக்கு நடந்தோம். கணவர் முன்னால் தனியாகப் போனார். டீச்சருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஸ்டெல்லா. மலைக்கோட்டைப் பக்கமிருந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது. 

"அம்மா," என்றாள் ஸ்டெல்லா. "அன்னைக்கு நான் அழுதுக்கிட்டு வந்து சொன்னேன்ல. அப்ப ஏம்மா கேக்கல?"

"கேட்டேனே."

"மூஞ்சியக் கழுவச் சொன்னீங்க."

"கேட்டதாலதான்டி கழுவச் சொன்னேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன். உங்கிட்டச் சொன்னா நீ அவங்கிட்ட ஒளறிருவ. அதான் சொல்லல."

ஸ்டெல்லா நின்றாள். டீச்சர் நிற்கவில்லை, அதனால் நானும் நிற்க முடியவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அவள் அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ சொல்ல வாய் திறந்தவள் மாதிரி இருந்தது. பிறகு வேகமாக நடந்துவந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள்.

"சரிம்மா" என்றாள்.

டீச்சர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு, "இதுக்கெல்லாம் என்னத்துக்குடி?" என்றார்.